ஒரே அறையில் நாலு பேர்

பங்க் ரொக் அடிக்கிற பிள்ளைகள் அல்பம் செய்ய வந்தால் முதல் விசாரிப்பது மைக்கைத்தான். "அண்ணை, என்ன மைக் வைச்சிருக்கிறியள்?" நான் பதிலுக்கு ட்ரம்ஸ் தோலைக் காட்டச் சொல்வேன். ஸ்னெயரின் மேல்தோல் நடுவில் குழி விழுந்திருந்தால், புதிசு போட்டுக்கொண்டு வாங்கோ என்று அனுப்பிவிடுவேன். கிற்றார்த் தந்தி எப்போது மாற்றியது, கிக் பெடல் கீச்சிடுகிறதா, பேஸ் வாசிக்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து ட்ரம்ஸ்காரரின் வலது கால் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். மைக் கடைசியில்தான் வரும். என்னிடம் இருப்பவை ஷூர் 57, 58 வகை. மேடையில் விழுந்து வலைமூடி நசுங்கியவையும் இருக்கின்றன. இறுகிய தோலில் சரியாக விழுந்த அடியை அவை அப்படியே பிடிக்கும். தளர்ந்த தோலை எந்த மைக்கும் இறுக்கித் தராது.

என் அறை கண்டாவளைப் பக்கம், பரந்தன்–முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே, வயலோரத்தில் இருக்கிறது. கோயில் பாட்டு, கூத்து, கலியாணவீட்டு இசைக்குழு எல்லாம் இங்கே பதிவாகியிருக்கின்றன. இப்போது உள்ளே இருப்பது நாலு பிள்ளைகள். மூன்று தம்பிமார், பேஸ் வாசிக்கிற ஒரு தங்கச்சி. இது அவர்களுடைய இரண்டாவது அல்பம். பாட்டுகள் எல்லாம் இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட முடிந்துவிடும். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நியூயோர்க்கில் ரமோன்ஸ் குழு 1976 இல் வெளியிட்ட முதல் அல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் சேர்த்து 29 நிமிடம். அந்த வருடம் பெப்ரவரியில் ரேடியோ சிற்றி மண்டபக் கட்டடத்தில் இருந்த ஸ்ரூடியோ ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிழமைக்குள், 6,400 டொலர் செலவில் எடுத்து முடித்தார்கள். இந்த வேலையைப் பழக வருகிறவர்களுக்கு அந்த அல்பத்தை ஹெட்போனில் போட்டுக் கொடுப்பேன். கிற்றார் வலப்பக்கம், பேஸ் இடப்பக்கம், ட்ரம்ஸும் குரலும் நடுவில். வலக் காதைக் கழற்றினால் பேஸ் மட்டும் என்ன செய்கிறது என்று வெளிச்சமாகக் கேட்கும். கிற்றார்காரர் விடாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்க, அதற்குக் கீழே பேஸ் ஒரு இடத்திலும் விலகாமல் நிற்பதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் தங்கள் பாட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளப் பக்கம் 12 அடி. அந்த நீளத்துக்கு 47 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு குமுறல் தானாக எழும்பும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியில் இரண்டாவது பிரெட்டை அழுத்தினால் வருவதும் கிட்டத்தட்ட அதே சுரம்தான். அந்தச் சுரம் வரும் ஒவ்வொரு தடவையும் சுவரே சேர்ந்து வாசிப்பது மாதிரி ஊதிப் பெருக்கும். பிள்ளைகள் பேஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவார்கள். குறைத்தால் மற்றச் சுரங்கள் காணாமல் போய்விடும். முட்டை அட்டை ஒட்டினால் சரிவருமா என்று கேட்காத ஆள் இல்லை. முட்டை அட்டை மேல்சத்தத்தின் கூரைக் கொஞ்சம் மழுக்கும். அடிச்சத்தத்துக்கு அது இருப்பதே தெரியாது. நாங்கள் மூலைகளில் உமிச் சாக்கு அடுக்குகிறோம், நிலத்திலிருந்து கூரை மட்டும். நெல்லு விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. பழைய பஞ்சு மெத்தையைச் சுவரில் ஒட்ட வைக்காமல் நாலு விரல் தள்ளி நிறுத்த வேண்டும். பின்னால் இருக்கும் காற்று இடைவெளிதான் பாதி வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகும் குமுறல் மிஞ்சினால் பேஸ் அம்பைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

கூரை தகரம். மாரி மழை இறங்கினால் வேலை இல்லை. மாசி, பங்குனியில் காலபோக வெட்டு. மெசின் பக்கத்து வயலில் இறங்கினால் அந்த அதிர்வு நிலத்தால் வந்து கிக் மைக்குக்குள் ஏறும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பங்குனிப் பொங்கல் என்றால் அந்த நாட்களில் யாரும் இங்கே பதிவு கேட்டு வருவதும் இல்லை. மிச்ச நாட்களில் இரவுதான் எங்களுக்கு. தவளைச் சத்தம் ட்ரம்ஸ் அடிக்கும்போது ஒன்றும் செய்யாது. பாட்டு முடிந்து சிம்பல் ஓய்கிற அந்த நாலைந்து வினாடிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சில பாட்டில் அதை அப்படியே விட்டிருக்கிறேன். இந்த ஊரில் எடுத்த பாட்டில் இந்த ஊர்த் தவளை கேட்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட மனிசன். கோயிலுக்குக் குழாய் கட்டுவதில் தொடங்கிப் பதிவு வேலைக்கு வந்தவர். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வராது, கரண்டும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் சனம் ரேடியோ கேட்டது. மாஸ்டர் அப்படிச் சுற்றிச் சுற்றிக் கசெற் போட்டுக் கேட்டவர். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டின் சுருதி இறங்கும். ஒரு பாட்டின் வேகம் மயிரளவு இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடுவது அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

மைக் வைக்கும்போது அவர் மைக்கைத் தொடுவதே கடைசியில். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் காதைத் தாழ்த்தி, ட்ரம்ஸைச் சுற்றி மெல்ல நடப்பார். அடித்துக்கொண்டே இரு என்று கையால் காட்டுவார். ஒரு இடத்தில் நிற்பார். பின்னுக்கு அரை அடி போவார், திரும்பி வருவார். "இஞ்ச வா. இந்த இடத்தில் காதை வை" என்பார். வைத்தால் கிக்கின் அடியும் தோலின் முனகலும் சேர்ந்து ஒரே சத்தமாக வரும். நாலு விரல் தள்ளினால் அது உடைந்துபோகும். பிறகு அந்த இடத்துக்கு ஸ்ராண்டைக் கொண்டுவருவார். மைக்குக்கு இருப்பது ஒரு காது. ஆகவே நாமும் ஒரு காதால்தான் தேட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இன்றைக்கும் நான் வேறு வழியில் மைக் வைப்பதில்லை.

அவரோடு நான் முதலில் பழகியது காத்தவராயன் கூத்துக்கு ஒற்றை மைக் வைக்கிற வேலை. ஆர்மோனியம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், உடுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பாடுகிறவர் எந்த இடத்தில் முன்னுக்கு வந்து எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் நிலத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு முடிந்துவிடும். மிக்ஸரில் செய்கிறதை மனிசரை நகர்த்திச் செய்வது. பங்க் குழுவுக்கும் நான் அதையே செய்கிறேன். தனித்தனி மைக் போட முதல், அறையின் நடுவில் ஒரே ஒரு மைக் வைத்து முழுப் பாட்டையும் அடிக்கச் சொல்வேன். அந்தப் பதிவில் பாட்டு பாட்டாகக் கேட்க வேண்டும். ஸ்னெயர் காணாமல் போயிருந்தால் கிற்றார் அம்பைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சிம்பல் இரைந்தால், ட்ரம்ஸ்காரரின் கையைத் திருத்த வேண்டும்.

சிம்பல் விசயத்தில் அநேகமாக எல்லாப் பொடியளும் ஒரே மாதிரித்தான். கோபமான பாட்டு என்றவுடன் சிம்பலை உடைக்கிற மாதிரி அடித்துவிட்டு ஸ்னெயரைத் தடவுவார்கள். சிம்பல் அறையில் உள்ள எல்லா மைக்குக்குள்ளும் ஏறும். பிறகு குரலைக் கூட்டினால் சிம்பலும் சேர்ந்து கூடும். இந்தக் குழுவின் தம்பி நல்ல அடிகாரன். ஆனாலும் இதே பழக்கம். சொல்லிப் பார்த்தேன், அடித்துக் காட்டினேன், இரண்டாவது பாட்டில் மறந்துவிடுவான். கடைசியில் சிம்பல் ஸ்ராண்டை ஒரு சாண் உயர்த்திவிட்டேன். கையை எட்டி அடிக்க வேண்டி வந்ததும் அடியின் வேகம் தானாகக் குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது. ஸ்னெயர் வெளியே வந்தது. அவனுக்கே கேட்டது. "அண்ணை, இப்பதான் நான் அடிக்கிறது எனக்குக் கேக்குது" என்றான்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிற்றார் பிக்கப்பில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் எப்போதும் இருக்கும். வாசிக்கிறவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால் ஒரு கோணத்தில் அது அடங்கும். அந்த இடத்தில் நிலத்தில் ஒரு கோடு போட்டு, பாட்டு முடியும் மட்டும் அந்தத் திசையில் நிற்கச் சொல்லலாம். அதையும் தாண்டிய இரைச்சல் என்றால் ஏர்த் சரியில்லை. எங்கள் மண் கோடையில் காய்ந்து வெடிக்கும். காய்ந்த மண்ணுக்குள் நிற்கும் ஏர்த் கம்பி பேருக்குத்தான். கம்பியைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, வெயில் நாட்களில் பின்னேரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வேலையைத் தொடங்குவோம். இரைச்சலை நிற்பாட்ட பிளக்கின் ஏர்த் காலை வெட்டிவிடுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. அதை ஒருக்காலும் செய்யாதீர்கள். கையில் கிற்றார்த் தந்தி, உதட்டில் மைக்கின் இரும்பு வலை; இரண்டுக்கும் இடையில் கரண்ட் ஓட வழி கிடைத்தால் அது ஆளுக்குள்ளால்தான் ஓடும். பாடகருடைய உதட்டில் சுள்ளென்று குத்தினால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு ஏர்த்தைப் பாருங்கள். பாட்டு பிறகு எடுக்கலாம்.

இனி முக்கியமான விசயம். பங்க் ரொக்கை நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடிக்க வேண்டும். முதலில் ட்ரம்ஸ், அடுத்த நாள் பேஸ், அதற்கடுத்து கிற்றார் என்று அடுக்கி எடுக்கலாம்; சினிமாப் பாட்டுக்கு அது சரி. இந்தப் பாட்டு வேகம் ஏறி இறங்குவதில் உயிர் வாழ்கிறது. பல்லவிக்குள் போகும்போது ட்ரம்ஸ் கொஞ்சம் முந்தும், பேஸ் அதை இழுத்துப் பிடிக்கும், கிற்றார் இரண்டுக்கும் நடுவில் தள்ளும். அந்த இழுபறியைத் தனித்தனியாக எடுத்து ஒட்ட முடியாது. கொம்பியூற்றரில் ஒவ்வொரு அடியையும் கோட்டுக்கு நேரே இழுத்து வைத்துத் தருகிற வசதி இருக்கிறது. பிள்ளைகள் கேட்பார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் இன்னொருக்கா அடியுங்கோ என்பேன்.

மஞ்செஸ்ரரில் பஸ்கொக்ஸ் என்ற குழு 1976 டிசம்பர் 28 ஆம் திகதி 500 பவுண் கடன் வாங்கி நாலு பாட்டுப் பதிவு செய்தது. சில மணி நேர வேலைதான். அடுத்த மாதம் தாங்களே தட்டாக வெளியிட்டார்கள். தட்டின் உறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் அது எத்தனையாவது ரேக், மேலே கிற்றார் சேர்த்ததா இல்லையா என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு பாட்டு மூன்றாவது ரேக், மிச்சம் மூன்றும் முதல் ரேக். வாங்குகிறவனுக்கு வேலையைத் திறந்து காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். இந்தப் பிள்ளைகளின் உறையிலும் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை ரேக் எடுக்கலாம்? முதல் ரேக்கில் எல்லோரும் பயத்தோடு அடிப்பார்கள். இரண்டாவது, மூன்றாவதில் உடம்பு சூடாகும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பிழையை மட்டும் தேடத் தொடங்கிவிடுவார்கள். அப்போது பிழை குறையும், பாட்டும் செத்துவிடும். அந்த நேரத்தில் நான் லைற்றை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கச் சொல்வேன். வேறு பாட்டுக்குப் போய்விட்டு அடுத்த நாள் திரும்ப வருவோம். ரேக் தெரிவு செய்யும்போது ஒவ்வொருவரும் தங்கள் வாத்தியத்தைக் கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பேஸ் வாசிக்கிற தங்கச்சி கிற்றாரைக் கேட்பா, கிற்றார்காரன் குரலைக் கேட்பான். இந்த அல்பத்தின் நாலாவது பாட்டில் கிற்றார்காரன் ஒரு இடத்தில் பிரெட் தவறி வைத்துவிட்டான். அவன் அந்த ரேக்கை எறியச் சொன்னான். மற்ற மூன்று பேரும் அதுதான் வேண்டும் என்றார்கள், ஏனென்றால் அந்தத் தவறல் கேட்டவுடன் ட்ரம்ஸ்காரன் இரட்டிப்பாக அடித்துப் பாட்டைத் தூக்கியிருக்கிறான். அதையே வைத்தோம்.

இப்படி ஒன்றாக அடிக்கப் பழகுவதற்கு மின்சாரமே தேவையில்லை என்று 2022 இல் கண்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மட்டும் கரண்ட் வெட்டினார்கள். அம்ப் இல்லை, மைக் இல்லை. அப்போது இருந்த குழு பாயில் இருந்து, கிற்றாரை வயர் இல்லாமல் வாசித்து, ட்ரம்ஸ்காரர் தொடையில் தட்டி, பாட்டை முழுக்க ஓட்டியது. சத்தம் இல்லாத இடத்தில் பாட்டின் எலும்பு தெரிந்தது. எந்த இடத்தில் நாலு வரி தேவையில்லாமல் ஓடுகிறது, எங்கே நிற்பாட்டி ஒரு மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அந்த இருட்டில்தான் ஒழுங்காயிற்று. இப்போது கரண்ட் இருந்தாலும், பதிவுக்கு முதல் கிழமை நான் அம்பைப் போட விடுவதில்லை.

கிற்றாருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் வைக்கிற அளவு உடைசலை ஸ்ரூடியோவில் வைக்காதீர்கள், பாதி காணும். தடிப்பு வேண்டுமென்றால் அதே பகுதியை இன்னொரு தடவை முழுக்க வாசித்து, ஒன்றை இடமும் மற்றதை வலமும் வையுங்கள். ஒரே பதிவைப் பிரதி எடுத்து இரண்டு பக்கம் போட்டால் அது நடுவில் வந்து குந்திவிடும். இரண்டு கை வாசிப்புக்கு இடையில் உள்ள சின்ன வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. பேஸ் தந்தி விலை கூடினது. பழசைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, எண்ணெயும் அழுக்கும் போன பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைத்துக் கட்டினால் ஒரு அல்பத்துக்குத் தாங்கும். ஸ்னெயருக்கு மேலும் கீழும் மைக் வைத்தால் கீழ் மைக்கின் துருவத்தை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்று ஸ்னெயர் தகரப் பேணியாகிவிடும்.

குரல் பற்றிக் கூடச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் தமிழில் இதைப் பாடுகிறவர்கள் குறைவு. இங்கே எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டில் பேச்சுத் தமிழைத் துள்ள வைத்தார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்ரிவ் மேடையேறியபோது கானா, பறை, ரொக் எல்லாம் ஒரே பாட்டில் நின்றன. ஆனால் பங்க் வேகத்துக்குத் தமிழைக் கொண்டுவருவது வேறு வேலை. எங்கள் பாடகர் தொடக்கத்தில் நெடில்களை இழுத்து ஆங்கிலப் பாட்டுக்காரர் மாதிரி வளைத்துப் பாடினார். சொல் ஒன்றும் விளங்கவில்லை. நான் வரிகளைத் தாளில் எழுதி, க்க, ட்ட, ப்ப, ற்ற வரும் இடங்களுக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த இரட்டை வல்லினம் ஸ்னெயர் அடிக்கு நேரே விழும்படி வரியைத் திருப்பி அமைத்தார்கள். கத்தினாலும் சொல் விளங்கியது. 'ப' வெடித்து மைக்கில் காற்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் சரிக்க வேண்டும். கத்துகிற குரலை ஒரு இரவில் மூன்று பாட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். தொண்டை கிழிந்தால் மிச்ச அல்பம் தாமதமாகும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் பேசவும் ஏலாது.

சிக்காகோவில் ஸ்ரீவ் அல்பினி என்று ஒரு பதிவாளர் இருந்தார், 2024 மே மாதம் காலமானார். நிர்வானா குழுவின் 'இன் யூற்றரோ' அல்பத்தை 1993 பெப்ரவரியில் எடுத்தவர். விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் திருத்துகிறவனுக்குக் கொடுப்பது போலச் செய்த வேலைக்குக் கூலி தந்தால் காணும் என்று அந்தக் குழுவுக்கு எழுதினார். பங்கு எடுத்தால் பாட்டு என்னுடையது என்று நினைக்க வரும், பிறகு அதைத் திருத்தக் கை அரிக்கும். என் மாஸ்டர் அவருடைய பெயரைக் கேட்டிருக்க மாட்டார். அவரும் அப்படித்தான் இருந்தார். கூத்துப் பதிவுக்கு நாட்கூலி வாங்குவார், கசெற் எத்தனை விற்றது என்று கேட்க மாட்டார். அமெரிக்காவில் ஆர்லிங்ரன் என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் 'இன்னர் இயர்' என்ற ஸ்ரூடியோ வைத்து மைனர் த்ரெட் போன்ற குழுக்களைப் பதிவு செய்தார். பாட் பிரெயின்ஸ் குழுவின் முதல் அல்பம் 1982 இல் கசெற்றாக மட்டும்தான் வந்தது. இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், தங்கள் அறை சின்னது என்று மனம் சோராமல் இருப்பதற்காக.

மிக்ஸிங்கை மெல்லிய சத்தத்தில் செய்யுங்கள். சத்தமாக வைத்தால் எல்லாமே நல்லதாகத்தான் கேட்கும். பிறகு ஒரு ஓட்டோவில் போட்டு, முரசுமோட்டை மட்டும் ஓடிப் பாருங்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலும் ஸ்னெயரும் நின்றால் வேலை முடிந்தது. தட்டை எல்லோரையும் விடச் சத்தமாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். ஸ்பொட்டிஃபை போன்ற இடங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்கு இறக்கிவிடும். நசுக்கிக் கொடுத்த பாட்டு அங்கே மெலிந்துதான் கேட்கும்.

பாட்டு வரிசை இன்னும் முடிவாகவில்லை. ஒரே சுருதியில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது என்பதைத் தவிர நான் அதில் வாய் வைப்பதில்லை. நான் பார்ப்பது இடைவெளியை: ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க ஒரு வினாடியா, இரண்டா, ஒன்றுமே இல்லையா என்று. அதை எண்ணிப் போட முடியாது; நாலு பேரையும் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, அடுத்த பாட்டு எப்போது வர வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது கையைத் தட்டச் சொல்வேன். நாலு தட்டும் சேர்ந்து விழுகிற இடத்தில் வெட்டுவேன். எல்லாம் முடிந்ததும் மிக்ஸ் செய்த பாட்டோடு, தனித்தனி மைக்கில் வந்த பச்சைப் பதிவுகள் அத்தனையையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் பாட்டின் பெயர், ரேக் எண், மைக், திகதி எழுதியிருக்க வேண்டும். ஒரு டிஸ்க் ட்ரம்ஸ்காரர் வீட்டில், மற்றது பேஸ் வாசிக்கிற தங்கச்சி வீட்டில். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க விடாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவு திறந்து வெள்ளம் வந்தபோது இந்தப் பக்கத்தில் அலுமாரி மட்டத்துக்குத் தண்ணீர் ஏறின வீடுகள் உண்டு.